துறைமுகச் சாலையில் ஒரு ராணி

முத்தையாபுரம்
9.10.2024

அன்புள்ள அனிஷாவுக்கு,

நீ விடுதிக்குப் பஸ் ஏறிய அன்று மாலையே இங்கே மழை. மழை விட்டதும் எங்கள் வாசற்படியில் சிறகு வைத்த பெரிய கட்டெறும்பு ஒன்று வந்து இறங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் சிறகுகளைக் காலால் அழுத்தி ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டது. நூலகப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், அது புது ராணி. இனி அவள் பறக்கவே மாட்டாள்.

டெஸ்ட் ட்யூபில் தண்ணீர் ஊற்றி, பஞ்சு அடைத்து, அதற்கு இந்தப் பக்கம் அவளை விட்டு, ட்யூபின் வாயையும் பஞ்சால் மூடியிருக்கிறேன். சாப்பாடு வேண்டாம். பிள்ளைகள் பிறக்கும்வரை தன் சிறகுத் தசையைக் கரைத்தே உயிர் வாழ்வாளாம். நேற்று ஆறு முட்டை இட்டிருக்கிறாள்.

அம்மாதான், "எறும்பு வரக்கூடாதுன்னு நான் சாக்பீஸ் கோடு போடுதேன், நீ ராணியவே கூட்டிட்டு வந்து குடி வைக்கியே ஏளா" என்று திட்டுகிறார்கள்.

உன்
ஜாய்

சாத்தான்குளம்
15.10.2024

ஜாய்,

இங்கே எங்களுக்கு வரும் கடிதங்களை வார்டன் அக்கா படித்துவிட்டுத்தான் தருவார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, "யாருளா இந்த ராணி? ஆறு முட்டைன்னு எழுதியிருக்கா, கோழி வளக்காளா?" என்றார்கள். என் அறைப் பிள்ளைகள் இன்னும் சிரிக்கிறார்கள்.

எறும்புக்கு அவ்வளவு எழுதினாய். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்கவில்லை. இரண்டு நாள் அழுதேன். பனை ஓலை அசைவதைத் தவிர இங்கே ஒரு சத்தமும் கிடையாது. எனக்கு எறும்பு என்றால் பயம் என்று உனக்கே தெரியும். ஆனாலும் கேட்கிறேன், அவள் சுகமா?

அனிஷா

முத்தையாபுரம்
22.10.2024

என் அனிஷாவுக்கு,

கேட்காதது என் தப்புதான். இப்போது அழுகை நின்றதா? மறைக்காமல் எழுது.

அவள் சுகமாக இல்லை. திடீரென்று முட்டைகளை வாயில் அள்ளிக்கொண்டு அசையாமல் நிற்பாள். ஏன் என்று தெரியாமல் நேரத்தை நோட்டில் குறித்துவந்தேன். அவள் முட்டையைத் தூக்கியதிலிருந்து நான் பத்து எண்ணுவதற்குள், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி எங்கள் வாசலைக் கடக்கிறது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. காது இல்லாதவள், என் காதுக்கு எட்டுமுன் லாரியைக் காலால் கேட்கிறாள்.

ஆனால் லாரிகள் ஓய்வதே இல்லை. வியாழக்கிழமை முட்டைகளைத் தின்றுவிட்டாள். பிறகு இட்ட நான்கையும் தின்றாள். உடம்பில் சேர்த்துவைத்த பலம் தீர்ந்தால் இறந்துபோவாள்.

உன் விடுதியில் சத்தம் இல்லை என்றாயே. முட்டை இல்லாத இந்த வாரத்திலேயே அனுப்பினால்தான் பஸ் குலுக்கல் தாங்குவாள். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வரும் ஜெயசிங் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். உன் பெட்டிக்குள் இருட்டில் வை. வாரம் ஒருமுறைதான் பார்க்கலாம். அவள் பிள்ளைகளை நான்தான் முதலில் பார்ப்பேன் என்று நினைத்திருந்தேன். பரவாயில்லை.

ஜாய்

சாத்தான்குளம்
13.12.2024

அன்புள்ள ஜாய்,

முதலில் நீ கோபப்படப்போகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லீவுக்கு நான் வருவேன், அவளைக் கொண்டுவர மாட்டேன். அந்தச் சாலைக்கு அவள் திரும்ப வேண்டாம். "நான் ஊருக்குப் போகல, பெட்டி எங்கிட்ட இருக்கட்டும்ளா" என்றார்கள் வார்டன் அக்கா.

நேற்று மாலை ராணியின் முதல் பிள்ளை பிறந்துவிட்டாள். ஒருத்திதான், வெளுத்த தேன் நிறம். புழுவாக இருந்தபோது தன்னைச் சுற்றி நெய்துகொண்ட கூட்டிலிருந்து அவளை ராணிதான் வாயால் கிழித்து வெளியே எடுத்தாள். இன்று காலை ட்யூப் வாயிலுள்ள பஞ்சை விலக்கி ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். ஆமாம், நானேதான், கையால்.

அந்தச் சின்னவள் தள்ளாடி வந்து குடித்தாள். வயிறு நிறைந்ததும் நேரே அம்மாவிடம் போய், வாயோடு வாய் வைத்து ஊட்டினாள். இரண்டு மாதமாக வெளியிலிருந்து எந்தச் சாப்பாடும் கிடைக்காதவள் குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை, அன்று சிரித்த என் அறைப் பிள்ளைகள் எல்லாரும் தரை அதிராதபடி கால் அசைக்காமல் நின்றார்கள்.

உன்
அனிஷா