அதிகாரியிடம் பெருமை பேசாதீர்கள்

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. நான் வேலைக்குக் கிளம்புகிறேன். பதினொரு மணிக்கு உதவித் திட்ட அதிகாரி வருகிறார். நம் பாப்பாவுக்குப் பிறவியிலேயே வந்த வளர்ச்சிக் குறைபாடு இந்த வருடமாவது சரியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போவாராம்.

போன வருடம் அவரிடம், "எம் பொண்ணு தானே சட்டைப் பட்டன் போட்டுக்குவா சார்!" என்று மார்தட்டினீர்கள். அவரும் சந்தோஷமாக 'உதவி தேவையில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்த உதவியாளர் அக்கா அத்தோடு நின்றார். பட்டன் தவிர மற்ற எல்லாம் என் தலையில். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே இன்று என்ன கேட்டாலும், "முடியாதுங்க சார்" மட்டும்தான். குளிப்பது, தெருவைக் கடப்பது எல்லாம் உண்மையிலேயே முடியாதுதானே. ஆனால் அவள் காதில் விழாமல் சொல்லுங்கள்.

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் டி.வி. பக்கத்தில்.

பி.கு.: காலையில் பாப்பா தானே ஷூ லேஸ் கட்டிவிட்டாள்! இரண்டு காலுக்கும்! பத்தொன்பது வயதில்! கழற்ற மாட்டாளாம், "சார் கிட்ட காட்டணும்" என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்படியே அப்பா புத்தி.

காட்டட்டும், விடுங்கள். அவருடைய பேனாவை மட்டும் எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுங்கள்.