பலகைகள் பழகட்டும்

அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் பார்க்க வருவதற்குள் நம் வீட்டுத் தரையை மாற்ற வேண்டும் என்றீர்களே, நிறம் ஒன்றுபோல் இல்லாத தேக்குப் பலகைகள் தள்ளுபடியில் கிடைத்தன. ஆணி அடிக்கும் முன் மரம் அறையின் காற்றுக்குப் பழக வேண்டுமாம். அதனால் என் வாடகை அறையிலேயே பரப்பி வைத்தேன். அதன்மேல் படுத்தால் தோணியில் மிதப்பதுபோல் கனவு வருகிறது.

பலகை விற்ற கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். "ஏம்மா, வாக்கப்படறது ஒரு வீடு, பழகறது இன்னொரு வீடா? போடப்போற அறையிலதான் பழகணும்!"

நாளை லாரியில் அனுப்புகிறேன். பலகை போனால் இங்கே தரை சில்லிடும்; அம்மாவின் பழைய போர்வையை அனுப்பி வையுங்கள்.

பலகை வந்ததும் ஆணி அடித்துவிடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்துச் சும்மா கிடக்க விடுங்கள். நான் வரும்போதும் அப்படித்தான், அப்பா. கொஞ்ச நாள் கழித்து அவர்களை வரச் சொல்லலாம்.

நிறுத்தத்தில் நின்று எழுதுகிறேன்; வேலைக்குப் போகும் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்