'குடிங்க' என்று சொல்லும்வரை

பொனொரோகோ, ஜாவா

பிப்ரவரி 11, ஞாயிறு

என் மனைவி வார்சினி ஹாங்காங்கிலிருந்து திரும்பி மூன்று நாள். ஏழு வருடம் அங்கே வீட்டு வேலை. இன்று அண்ணன் சர்வோனோ வீட்டில் டீ வைத்தார்கள். எங்கள் வழக்கப்படி, 'குடிங்க' என்று அவர்கள் சொல்ல வேண்டாமா? இவள் பாட்டுக்கு எடுத்துக் குடித்துவிட்டாள். அண்ணி முகம் போன போக்கு! வழியில் கேட்டால், "பின்ன எதுக்கு வச்சாங்க, வேடிக்கை பார்க்கவா?" என்கிறாள். இவளோடு இனி எப்படி நாலு பேர் வீட்டுக்குப் போவது? பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 25

தொலைந்தேன். வார்சினி சந்தைக்குப் போன நேரம் அண்ணன் வந்தார். எங்கள் மகள் ராத்ரியைத் தன் முதலாளி மகனுக்குப் பெண் கேட்கிறார். அவளுக்குப் பதினாறுகூட ஆகவில்லை. "பெருநாள் கழிஞ்சதும் வச்சுக்கலாம், என்னடா?" என்றார்.

"சரிண்ணே" என்றேன்.

அப்பா போனபின் என்னை வளர்த்தவர். அவர் முகத்துக்கு நேரே முடியாது என்று எப்படிச் சொல்வது? இந்த ஊரில் எவன் சொல்லியிருக்கிறான்?

பிப்ரவரி 26

வார்சினியிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28

சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. அதுதான் இன்னும் பயம்.

"அங்க முதல் ரெண்டு வருஷம் நானும் எல்லாத்துக்கும் தலையாட்டினேங்க. லீவுன்னு ஒரு நாள் கிடைக்கல. ஒரு நாள் முடியாதுன்னேன். வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல."

"அப்ப நீயே வந்து அண்ணன்கிட்ட..."

"நான் சொன்னா வெளிநாட்டுத் திமிருன்னுட்டு கல்யாணத்தை நடத்திடுவாங்க. சரின்னது உங்க வாய். நீங்க மாத்தலேன்னா புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

கதவுக்குப் பின்னால் ராத்ரியின் பாதம் தெரிந்தது.

மார்ச் 3

"ராத்ரி படிக்கட்டும்ணே. கல்யாணம் வேண்டாம்." அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், அவர் காதில் விழவில்லை. இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியதாயிற்று — ஐயோ, அதுதான் கொடுமை. அண்ணன் சிரித்தார். எங்கள் ஊரில் கோபம் வந்தால் சிரிப்பார்கள்.

"உன் பொண்டாட்டி மட்டுந்தான் ஹாங்காங் போனான்னு நினைச்சேன். நீயும் போய்ட்டு வந்துட்டியாடா?"

மார்ச் 19

பள்ளிவாசலில் அண்ணன் என்னைப் பார்த்ததும் வேறு வரிசைக்குப் போய்விட்டார். செத்தால் தூக்கவாவது வருவாரா?

ஏப்ரல் 10, நோன்புப் பெருநாள்

அண்ணன் முன் மண்டியிட்டு, வருடம் முழுக்கச் செய்த பிழைகளுக்கு மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் வேண்டாம் என்ற அந்த ஒன்றை மட்டும் மனதில் சேர்க்கவில்லை. என் தலையில் கை வைத்தார்.

எங்கள் மூவருக்கும் டீ வந்தது. யாரும் 'குடிங்க' என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். டீ ஆறிப்போனது. வார்சினிகூடத் தொடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும்தான்.

கிளாஸை எடுத்தேன். எடுத்த அவசரத்தில் புதுச் சட்டையெல்லாம் டீ. மிச்சத்தைக் குடித்து முடித்தேன்.

அப்புறம் ராத்ரி தன் கிளாஸை எடுத்தாள்.