என் பேரில் எமிலியானா வைத்த நேர்த்தி

12 யூன் 2025, வியாழன், பலெர்மோ

நான் வேலை செய்யும் சின்யோரா வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் தோய்த்து, அயர்ன் பண்ணிக் கொழுவியாயிற்று. திங்கட்கிழமை அவர் மிலானோவில் இருக்கும் மகளிடம் போகிறார். எனக்குப் பத்து நாள் லீவு.

காபோர் மறுபடி போன் எடுத்தான். ஒன்பது வருடம் இங்கே போர்கோ வெக்கியோவில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்து, துறைமுகத்தில் வேலை செய்தவன். இப்போது ஹங்கேரியில், சொந்த ஊரில். மோட்டர்சைக்கிளில் தன் நாட்டுக் கிராமங்களைச் சுற்றிக் காட்டுகிறேன், வா என்கிறான்.

மனைவி எமிலியானாவிடம் காரில் சுற்றப்போகிறோம் என்று சொல்லிவிட்டேன். பொய்தான். வேறு என்ன செய்ய? மூன்று வருடத்துக்கு முன் மழையில் மோட்டர்சைக்கிள் வழுக்கி விழுந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மொந்தே பெல்லெக்ரினோ மலைக் கோயிலுக்குப் போய், இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைத்துவிட்டாள்: அவர் பிழைத்தால் இனி மோட்டர்சைக்கிள் ஓடமாட்டார். மெழுகுதிரி கொளுத்துகிறேன், முடி தருகிறேன் என்று தன்னுடையதைக் கொடுக்க வேண்டியதுதானே? என்னுடையதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். என்னைக் கேட்டாளா? அந்தக் கோபத்தில் நான் மலைப்பக்கமே போவதில்லை.

19 யூன், ஹங்கேரி

மோட்டர்சைக்கிளில் காபோருக்குப் பின்னால் இருக்கிறேன். பின்னால் இருப்பது ஓடுவது ஆகுமா? ஆகாது.

20 யூன், வெள்ளி

இந்தப் பக்கம் மலையே இல்லை. கோதுமை, பிறகு சூரியகாந்தி, மறுபடி கோதுமை. மின்கம்பங்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. காபோரின் மாமி மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலில் குளிர்ந்த செர்ரிப்பழச் சூப் வைத்தார். இனிப்பு! முகத்தைச் சுளிக்காமல் தொடங்கி, இரண்டு கோப்பை குடித்துவிட்டேன்.

சாப்பிட்டு வெளியே வந்ததும் காபோர் சாவியை நீட்டினான். நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "அது உன் மனைவி கொடுத்த வாக்கு. நீ என்ன கொடுத்தாய்?" என்றான்.

21 யூன், சனி

ஓடினேன்.

தீசா ஆற்றங்கரை வீதி, காலை நேரம், ஒரு வாகனமும் இல்லை. நாலு கிலோமீற்றர் இருக்கும். ஒரு வளைவு வந்தது. வீதி காய்ந்துதான் கிடந்தது, என் கண்ணுக்கு மழை தெரிந்தது. நிறுத்தி, புல்லில் இருந்துவிட்டேன். பின்னால் இருந்த காபோரும் இறங்கிப் பக்கத்தில் இருந்தான்.

"எப்போதிருந்து இந்தப் பயம்?"

"விழுந்த நாளிலிருந்து" என்று வாய் தானாகச் சொன்னது.

அப்படியென்றால் இந்த மூன்று வருடமும்? அவள் விட்டிருந்தாலும் நான் ஓடியிருக்கமாட்டேன். பயந்தது நான் — பேச்சு வாங்கினது அவள். ஆட்கள் கேட்டால் "மனுசி விடமாட்டாள்" என்று சிரித்துச் சொல்ல எவ்வளவு வசதியாய் இருந்தது. சீ. வெக்கமாக் கிடக்கு.

26 யூன், பலெர்மோ

எமிலியானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கார் இல்லை என்பது, நான் ஓடியது, பயந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

"பயமாக் கிடக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. மூண்டு வருசமா என்னிலை பழியைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறியள்."

"ஓம்."

"இனிக் கதைக்காதேங்கோ."

27 யூன்

கதைக்கவில்லை.

29 யூன், ஞாயிறு

விடிய அவள் மலைக்கு வெளிக்கிட்டாள். நானும் பின்னால் நடந்தேன். வராதேங்கோ என்று அவள் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். வெறுங்காலோடு இந்தக் கல்லுப்பாதையில் எத்தனை தரம் எனக்காக ஏறியிருப்பாள்? நான் ஒருநாளும் கேட்டதில்லை.

குகைக் கோயிலுக்குள் நெடுநேரம் முழங்காலில் நின்றாள். வெளியே வந்து, "நான் வைச்ச நேர்த்தி, நான்தான் மாத்திக் கேக்கவேணும். கேட்டிட்டன்" என்றாள். என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை.

13 யூலை, ஞாயிறு

பூசை முடிந்ததும் அவளுடைய தம்பி பீலிக்ஸ் தன் மோட்டர்சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் விட்டான். அவனிடம் கேட்டது நானில்லை. எமிலியானா ஹெல்மெட்டும் கையுமாக வந்தாள்.

"அவர் ஓடலாம், ஆனால் தனிய ஓடக்கூடாது. இதுதான் புது நேர்த்தி."

இந்த முறையும் என்னைக் கேட்கவில்லை. நான் ஏற, அவளும் ஏறிப் பின்னால் இருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவை.

"பயமாக் கிடக்கோ?"

"ஓம்."

"எனக்கும்தான். ஓடுங்கோ."

ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை வரைக்கும் போனோம். அரை மணித்தியால வழி, போய்ச் சேர ஒரு மணித்தியாலம். வழியில் எல்லா வாகனமும் எங்களை முந்திக்கொண்டு போனது.