முதலில் ஜன்னலைத் திற

என் கண்மணி மீரிமுக்கு, சித்தி உம்சுனாயின் சலாம். அல்லாஹ்வின் கருணையால் இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அங்கே நீயும் குட்டிப் பயல் எமிலும் உயிரோடு இருக்க வேண்டும் என்று துவா செய்துகொண்டே அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நலமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன், இன்றைக்குத்தான் பயந்து பயந்து கேட்கிறேன். இந்தக் காகிதம் உன் கைக்கு வந்துவிட்டால் மேலே படிக்காதே, முதலில் போய் ஜன்னலைத் திற, அப்புறம் வந்து உட்கார்.

திறந்தாயா? சரி, கேள். நிம்மதியான தூக்கத்துக்கு அறை எப்படி இருக்க வேண்டும் என்று நீ போனில் படம் அனுப்பினாயே, அப்படியே என் மகன், உன் தம்பி சமத்துக்கும் புதுப் பெண்டாட்டி அய்சுலுவுக்கும் செய்து கொடுத்தோம். உன் தையல்கூடத்திலிருந்து நீ அனுப்பிய கறுப்புத் திரை, சத்தம் வராமலிருக்கக் கதவுக்குக் கம்பளி, ஜன்னல் இடுக்குக்கெல்லாம் பஞ்சு திணித்து மேலே காகிதப் பட்டை, மங்கலான மஞ்சள் விளக்கு, டிவி கிடையாது, போன் வாசலுக்கு வெளியே. பக்கத்து வீட்டுக் காலிமான் பார்த்துவிட்டு, "ஏன்டி, இது மருமகளுக்கு ரூமா, கான் ராஜாவுக்கு அரண்மனையா?" என்று கேட்டாள், எனக்கு உள்ளுக்குள்ளே பெருமை. நேற்று சமத் குதிரைகளைப் பார்க்க மலைக்குப் போய்விட்டதால் அய்சுலு தனியாகப் படுத்தாள். கரி அடுப்பில் சுடர் அடங்கியதும், சூடு வெளியே போகக் கூடாதென்று புகைக்குழாய்த் தகட்டை மூடியிருக்கிறாள், ஊரில் எல்லோரும் செய்வதுதான், நான் சொல்லிக் கொடுத்ததுதான். காலையில் சுபுஹு தொழுது முடித்தேன், சமோவார் சத்தத்தையே காணோம். அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் எழுந்திருக்கும்போது டீ கொதிக்காத நாள் கிடையாது, நம் வீடுகளில் மருமகள்தானே முதலில் எழுவாள். சரி, அறை நன்றாக வேலை செய்கிறது, பிள்ளை ஒரு நாள் தூங்கட்டும் என்று நானே தண்ணீர் வைத்தேன். பால் கொண்டுவந்த காலிமான், "மாமியா டீ போடுறா, மருமக குறட்டை விடுறா, நல்லாருக்குடி உங்க குடும்பம்" என்றாள். "குறட்டைகூட கேக்கலடி, எங்க மீரிம் சொல்லிக்குடுத்த ரூமாக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அய்சுலு குறட்டை விடுகிறவள் மீரிம், கம்பளி மாட்டிய பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

கம்பளி இறுக்கிப் பிடித்திருந்த கதவை இருவரும் தோளால் இடித்துத் திறந்தோம். கன்னம் இரண்டும் ஆப்பிள் மாதிரிச் சிவந்து, குழந்தைபோலப் படுத்திருந்தாள், யார் பார்த்தாலும் நல்ல தூக்கம் என்றுதான் சொல்வார்கள். கூப்பிட்டேன், கன்னத்தில் அறைந்தேன், அசையவில்லை. இழுத்துக்கொண்டு போய் முற்றத்துப் பனியில் போட்டோம். காலிமான் அழுதுகொண்டே, "எந்திரிடி சோம்பேறி, டீ ஆறுது, எந்திரிடி என் தங்கம்" என்று திட்டினாள், நான் சாகிறவர்களுக்குச் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். அப்புறம் வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து என்ன சொன்னாள் தெரியுமா, "அத்தை, டீ போடாமத் தூங்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். நான் அந்தப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர் மருந்தகத்து பாக்கிட் ஓடி வந்து பார்த்தான், "அக்கா, இது ரூமு இல்ல, கப்ரு, சவக்குழி. கரிக்காத்துக்கு வாசனை கிடையாது, வெளிய போக வழி வேணும், நீங்க எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கீங்க" என்றான். குளிர் வருகிறது, குளிர் வருகிறது என்று நாம் திட்டிக்கொண்டிருந்த அந்த இடுக்குகள்தான் இத்தனை வருஷம் நம்மைக் காப்பாற்றியிருக்கின்றன.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. உன் வாடகை அறையிலும் கரி அடுப்புதான், அதைத்தான் நீ முதலில் இப்படி அடைத்தாய். உன் புருஷனும் ரஷ்யாவில். ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தூங்கப் போகிறேன் சித்தி, யாரும் எழுப்பாதீர்கள் என்றாயே, இன்றைக்கு ஞாயிறு. போன் போட்டுப் போட்டு என் விரல் தேய்ந்துவிட்டது. தையல்கூடம் விடுமுறை, உன் வீட்டுக்காரம்மா நம்பர் எங்களிடம் இல்லை. நீ இருக்கும் பிஷ்கேக்குக்கு வாடகைக் கார் ஓட்டும் டோக்டோசுன் ஆள் சேரக்கூடக் காத்திருக்காமல் கிளம்புகிறான், அவனிடம்தான் இதைக் கொடுக்கிறேன். உன் அம்மா கண்ணை மூடும்போது உன்னை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள், மறுமையில் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

கறுப்புத் திரை இருக்கட்டும், விளக்கும் இருக்கட்டும். மேலே இருக்கும் சின்ன ஜன்னலை மட்டும் எந்தக் குளிரிலும் சாத்தாதே, கரி முழுக்கச் சாம்பலாகும்வரை தகட்டில் கை வைக்காதே. குளிருக்கு ஒரு கம்பளி மெத்தைப்போர்வை அனுப்பியிருக்கிறேன், அய்சுலு தன் சீதன அடுக்கிலிருந்து உருவிக் கொடுத்தது, தலை தூக்க முடியாமல் படுத்துக்கொண்டே, "அக்காவுக்கு அந்தச் சிவப்ப அனுப்புங்க, அதுதான் கனமா இருக்கும்" என்றாள்.

கதவைத் தட்டு, திறக்கவில்லையென்றால் ஒரு நொடியும் நிற்காதே, ஜன்னலை உடைத்துவிடு என்று டோக்டோசுனிடம் சொல்லியிருக்கிறேன். உடைத்திருந்தால் அவனைத் திட்டாதே, கண்ணாடிக்கு ஓர் ஆட்டை விற்றுக்கொள்ளலாம், அந்த ஓட்டையையும் இன்றைக்கு அடைக்காதே. அல்லாஹ் உனக்கும் எமிலுக்கும் நீண்ட ஆயுளையும், விடிந்ததும் எழுந்திருக்கிற தூக்கத்தையும் கொடுக்கட்டும். படித்ததும் முதல் வேலையாகப் போனைப் போடு, எமிலை அழ வைத்தாவது அவன் குரலை எனக்குக் கேட்க விடு.

டோக்டோசுன் ஹாரன் அடிக்கிறான்.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
உன் சித்தி உம்சுனாய்