நம் தெருவுக்குத் தண்டவாளம் போட்டேன், அண்ணா

என்னோடு சண்டை போட்டே வளர்ந்த சேகர் அண்ணாவுக்கு,

நீ பென்சிலில் கோடு போட்டு வைத்துவிட்டுப் போன தெருத் தண்டவாளத்தைப் போட்டு முடித்துவிட்டேன். நீ உயிரோடு இருந்து, நான் கேட்டிருந்தால், "உனுக்கு இன்னா தெரியும், போடி" என்றுதான் சொல்லியிருப்பாய். இரண்டு முறை தப்பாகப் போட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாலடி நீளமுள்ள பழைய கதவுப் பலகை. அதன்மேல் உள்ளங்கை நீளத்தில் ஒரு பொம்மை எஞ்சின், ஐந்து வேகன். ரைஸ் மில், ஜவ்வரிசி ஆலை, சிமென்ட் குடோன் என்று மூன்று இடம். வட்டமாகச் சுற்றி வருகிற ரயில் இல்லை இது. எந்த வேகன் எங்கே போக வேண்டுமோ அதைத் தள்ளி, இழுத்து, பிரித்து, சேர்த்து அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். விழுப்புரம் யார்டில் ஒப்பந்தக் கூலியாக இருந்த நாளெல்லாம் ஷண்டிங்கைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டிலும் அதையே செய்துகொண்டிருந்தாய்.

"முன்னாடி ஒரு அடி, பின்னாடி ஒரு அடி. எந்த ஊருக்குடா போவுது உன் ரயிலு?" என்று அம்மா கேட்பாள்.

"வேலைக்குப் போவுதும்மா. உன்ன மாரி."

பலகையின் முன் ஓரத்தில் நம் காலனித் தெருவை வைத்திருந்தாய். கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி ஒட்டிய ஏழு வீடுகள். மூன்றாவது நம்முடையது. வெளிநாட்டில் சில ஊர்களில் ரயில் தெரு நடுவிலேயே போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, மில்லிலிருந்து குடோனுக்கு நம் தெரு வழியாகத்தான் பாதை என்றாய். கடைத்தெருவில் விட்டால் பார்க்க நன்றாக இருக்குமே என்றேன்.

"அவங்களுக்கு பஸ்ஸு வருது, மினி பஸ்ஸு வருது. நம்ம தெருவுக்கு ஷேர் ஆட்டோகூட திரும்பறதில்ல. ரயிலாச்சும் வரட்டுமே."

கோடு போட்டாய். தண்டவாளம் போடவில்லை. போன ஐப்பசி மழை உனக்கு அவகாசம் தரவில்லை. விடிகாலையில் வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அரிசி மூட்டை நனையாமல் கட்டில்மேல் தூக்கி வைக்க இறங்கினாய். ரயிலுக்குக் கரண்ட் எடுக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில், தண்ணீருக்குள் கிடந்தது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே பேச்சு. "அந்த ரயிலுதான்டி எம் புள்ளைய கொண்டுக்கினு போச்சு." பலகையைப் பாய் போட்டு மூடினாள். உடைத்து அடுப்பில் வைக்கச் சொன்னாள். ரயில் இல்லை, ரோடுதான் என்று நான் சொன்னது அவளுக்கு ஏறவே இல்லை.

ரோடுதான், அண்ணா. கடைத்தெருவில் மெஷின் கொண்டுவந்து பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட்டார்கள். அங்கே கடைகளுக்கு வாசற்படி இருக்கிறது, படிக்கு மரியாதை இருக்கிறது. நம் தெருவில் பழைய ரோட்டின் மேலேயே போட்டார்கள். மூன்று முறை. சின்ன வயதில் நாம் படியேறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறோம். காண்ட்ராக்டர் வீட்டுக்குள் தண்ணீர் போகுமா?

"எல்லாரு வூட்லயுந்தான் தண்ணி வந்துது. எம் புள்ள மட்டும் ஏன் போனான்?" என்று அம்மா கேட்டாள். உனக்குத் தெரியுமா?

ஆடி மாதம் தெருமுனையில் ஜல்லி வந்து இறங்கியது. நாலாவது ரோடு. பழையதைச் சுரண்டுவீர்களா என்று கேட்டதற்கு, "ரோடு வேணுமா வேணாவா?" என்று பதில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எடைமேடை வேலைக்கு லீவு. கை சும்மா இருந்தால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருந்தது. பாயை விலக்கினேன்.

முதல் தப்பு பட்டி. சுவருக்குப் பூசுகிற பட்டியைக் குழைத்து இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் வழவழவென்று இழுத்துவிட்டேன். சக்கரத்தின் உள்விளிம்பு இறங்கி ஓட ஒரு பள்ளம் வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். எஞ்சின் பட்டிமேல் ஏறி நின்று மூச்சுவிடாமல் கிடந்தது. பிறகு பட்டி ஈரமாக இருக்கும்போதே ஒரு வேகனை அழுத்தி உருட்டினேன், பள்ளம் தானாக விழுந்தது. இதை நீயே சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

இரண்டாவது தப்புதான் பெரியது. தண்டவாளம் அடிக்கட்டையோடு சேர்த்து ஐந்து மில்லிமீட்டர் உயரம். ரயில் தெருவில் ஓட வேண்டுமென்றால் ரோடும் அதன் தலை வரை வர வேண்டும். நான் உன் பழைய ரோட்டின் மேலேயே கட்டையை ஒட்டி, இரண்டு பக்கமும் பட்டி பூசி மேடாக்கிவிட்டேன். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தண்ணீர் குடிக்க உள்ளே வந்த அம்மா நின்று பார்த்தாள். பாயை எடுத்ததற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நம்ம வூடு எங்கடி?"

"இங்கதான், மூணாவது."

"வாசப்படி எங்க?"

படி பட்டிக்குள் போயிருந்தது. ஏழு வீட்டிலும் கதவின் கால் பங்கைக் காணவில்லை. அம்மா வெளியே போனாள். நம் நிஜ வாசலில் குனிந்து, வீட்டுத் தரையிலிருந்து ரோடு வரைக்கும் கையால் அளந்தாள். இரண்டு சாண். நான் இங்கே கணக்குப் போட்டேன். உன் பலகையில் எல்லாமே நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஐந்து மில்லிமீட்டரை எண்பத்தேழால் பெருக்கினால் அதே இரண்டு சாண்தான் வருகிறது.

"ஏன்டி இப்டி போட்ட?"

"இதான் சுலபமா இருந்துச்சு."

"அவனுங்களுக்கும் அதான்டி சுலபமா இருந்துச்சு" என்றாள் அம்மா.

அவ்வளவு நாள் நான் தொண்டை கிழியக் கத்தியது ஏறாமல், அன்றைக்கு ஏறியது. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் தினமும் திட்டுகிற ஆட்கள் செய்ததையே, நம் வீட்டுக்கு, என் கையாலேயே செய்திருக்கிறேன்.

புதன்கிழமை தார் லாரியும் ரோலரும் வந்தன. அம்மா களையெடுக்கப் போகவில்லை. தலையில் சும்மாடு வைத்து, உன் பலகையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ரோலருக்கு முன்னால் இறக்கினாள்.

"இன்னாமா இது, பொம்ம ரயில எடுத்தாந்து காட்டினு இருக்க?" என்றார் சூப்பர்வைசர்.

"பொம்மதான் சார். பாரு." ஒரு சொம்புத் தண்ணீரைத் தண்டவாளத்தின்மேல் ஊற்றினாள். தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஏழு அட்டை வீட்டுக்குள்ளும் நேராகப் போனது. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

"இந்த மூணாவது வூட்லதான் சார் எம் புள்ள செத்தான். சொரண்டிட்டுப் போடு. இல்லன்னா எம்மேல ஏத்திட்டுப் போடு."

எதிர்வீட்டுப் பூங்கொடி அக்கா அங்கேயே அம்மாவிடம் சண்டைக்கு வந்தார். "வர்ற ரோட்டயும் கெடுக்காத அஞ்சல. இத வுட்டா அஞ்சு வருசம் ஆவும்."

"உன் வூட்டு கதவ தொறந்து பாருடி. கப்பல் வுடலாம்."

சூப்பர்வைசர் போனில் யாரிடமோ பேசினார். லாரி திரும்பிப் போனது. பத்து நாள் தெருவில் பாதிப்பேர் எங்களோடு பேசவில்லை. பிறகு மெஷின் வந்தது. வெற்றி என்று நினைத்துவிடாதே. ஒரு சாண்தான் இறக்கினார்கள். அதற்குக் கீழே போனால் கல் என்றார்கள். கடைத்தெருவில் மட்டும் கல் இல்லையா என்று கேட்டேன். மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் வாசல் இன்னும் ஒரு சாண் பள்ளத்தில்தான் இருக்கிறது.

பலகையில் நான் ஒரு சாண் கணக்கெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. வீடுகளுக்கு அடியில் அட்டை வைத்து உயர்த்தியிருந்தால் பத்து நிமிட வேலை. நிஜத்தில் யார் வந்து வீட்டைத் தூக்கிவிடப் போகிறார்கள்? பட்டியை எல்லாம் பெயர்த்து, உளியால் மரத்தையே ஐந்து மில்லிமீட்டர் செதுக்கி, தண்டவாளத்தை உள்ளே இறக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நனைந்து உப்பிய வீடுகளை வெயிலில் காயவைத்து ஒட்டினேன். நம் வாசற்படி வெளியே தெரிகிறது.

நேற்று ஓட்டிப் பார்த்தேன். அம்மா ஆணி அடித்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தலை உயரத்தில் சுவரில் மாட்டியிருந்தாள். நான் பிளக்கை எடுத்தேன். "குடு இங்க" என்று வாங்கி அவளே சொருகினாள். எஞ்சின் இரண்டு வேகனோடு மில்லிலிருந்து கிளம்பித் தெருவுக்குள் திரும்பியது. முதல் வீடு, இரண்டாவது வீடு. அம்மா பலகையின்மேல் குனிந்து, என் கையில் தட்டினாள்.

"மெதுவா வுடுடி. தெருவுல ஆளுங்க இருப்பாங்க."

மெதுவாகத்தான் விடுவேன், அண்ணா. ஆனால் அந்த மிச்சம் ஒரு சாண் விஷயத்தில் மெதுவாகப் போக மாட்டேன். அடுத்த ஐப்பசிக்குள் அதையும் இறக்க வைக்கிறேன்.

உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உன்னிடமே அடி வாங்கிய தங்கச்சி,
வாசுகி