ஆர்லீனின் அணில் துப்பாக்கி

அன்புள்ள ஆர்லீன்,

தோள்வலி தேவலையா? வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். நீ தேடுகிற அணில் துப்பாக்கி தொலையவில்லை. நான்தான் இந்த டகோட்டா எண்ணெய் வயலுக்குத் திருட்டுத்தனமாகத் தூக்கி வந்தேன். கனக்கிறது என்று புலம்பினாயே, குழலைக் குட்டையாக்கித் தரலாமென்று ரம்பத்தை வைத்தேன். அறைத்தோழன் ஹேஸ்கல் பாய்ந்து வந்தான்.

"யோவ் டாயில், எவ்வளவுய்யா அறுக்கப்போற? ரைஃபிள் குழல் பதினாறு அங்குலத்துக்குக் கொறஞ்சா மொதல்லயே மத்திய அரசுகிட்ட அனுமதி வாங்கணும். இல்லன்னா ஜெயில்ல ஒக்காந்து அணில் எண்ணுவ!"

"அப்ப பதினாறுக்கு மேலயே நிறுத்திக்கிறேன்டா, வக்கீலு!"

அறுத்தாயிற்று, ஆர்லீன்! இறகு மாதிரி இருக்கிறது! அணில் வேட்டை தொடங்குமுன் கொண்டுவருகிறேன். இனிமேல் குறி தவறினால் தோளைச் சாக்குச் சொல்ல முடியாது.

நீ போட்ட பீன்ஸ் ஊறுகாய் ஒரு பாட்டில் அனுப்பு. உன் பழைய போர்வையையும் அனுப்பு, குளிருக்கில்லை, சும்மாதான். வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

ஒன்று மறந்தேன்: துப்பாக்கியின் போல்ட்டை மூடி, குழலுக்குள் குச்சி விட்டு நீளம் அளப்பதுதான் சட்டப்படி சரியாம். விட்டேன். பதினாறே கால் அங்குலம், குற்றமில்லை. குச்சிதான் உள்ளே சிக்கிக்கொண்டு இன்னும் வெளியே வரமாட்டேனென்கிறது.

உன் டாயில்